கட்டுப்பாட்டுக் குழு

திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஒன்று நீலம், மற்றொன்று பச்சை. ஆராய்ச்சி நிலையத்தின் மாடியறையில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த புள்ளியியல்காரி, கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடி துடைத்ததற்காகக் கோடுகள் விலகிவிடவில்லை.

"அக்கா, இதுல எது நம்மது?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்.

"நீலம் உங்க பானை இருக்கிற வீடுங்க. பச்சை, எதுவும் குடுக்காத வீடுங்க."

"ரெண்டும் ஒண்ணாவே போகுதே?"

"ஆமா தம்பி."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நிலையத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. அவளுக்கு 'சராசரி அக்கா' என்று பெயர். யாராவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால்கூட, ஆளுக்கு எவ்வளவு வரும் என்று சொல்லிவிட்டுத்தான் தன் துண்டை எடுப்பாள். அவருக்கு 'வடிகட்டியார்' என்று பெயர். களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து சுட்டு, ஒரு தண்ணீர்ப் பானை செய்திருந்தார். சூளையில் மரத்தூள் எரிந்துபோன இடங்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். தண்ணீர் அவற்றின் வழியே இறங்கிவிடும், கிருமி மேலேயே தங்கிவிடும். இந்தப் பானைக்காக அவர் இழந்த தூக்கமும் ஞாயிற்றுக்கிழமைகளும் கொஞ்சமல்ல. "அந்தப் பானைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துல இடம் வாங்கிடுங்க, நமக்கு மூணாவது பிள்ளை அதுதானே" என்று அவர் மனைவி சொல்வதை நிலையம் முழுதும் அறியும்.

பானை நல்லது என்று அவர் சொன்னால் அரசு கேட்டுக்கொள்ளாது. நலத்துறை சாட்சி கேட்டது. ஊரில் உள்ள குழந்தைக் காப்பகங்களுக்கும் ஏழை வீடுகளுக்கும் இந்தப் பானையைக் கொடுக்கலாமா, வேண்டாமா? அதை அறியத்தான் ஆற்றங்கரைக் குடியிருப்பில் ஒரு சோதனை நடந்தது. தெருவாரியாகக் குலுக்கிப்போட்டு, பாதி வீடுகளுக்குப் பானை கொடுத்தார்கள். மீதி வீடுகளுக்கு, சோதனையில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று சொல்லும் ஓர் அட்டை மட்டும். வாரந்தோறும் ஒருவர் எல்லா வீட்டுக்கும் போய், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டுக் குறித்துவருவார். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓடிவிட்டன. வரும் திங்கட்கிழமை துறைச் செயலாளரிடம் பதில் சொல்ல வேண்டும்.

கோப்பைத் திறக்கும் முன் சராசரி அக்கா எப்போதும் கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொள்வாள். இந்தப் பக்கம் சாய வேண்டும், அந்தப் பக்கம் சாய வேண்டும் என்று வேண்ட மாட்டாள். 'கடவுளே, எது உண்மையோ அதைத் தாங்குற மனசைக் குடு' என்பதோடு சரி. அன்று அந்த வேண்டுதல் அவளுக்கே சற்றுக் கனமாக இருந்தது.

"என் பானை வேலை செய்யலைன்னு அர்த்தமா?" என்றார் வடிகட்டியார்.

"அப்படித் தெரியல. பானை வீட்டுப் பிள்ளைங்களுக்கு நோய் பாதியா குறைஞ்சிருக்கு. ஆனா பானை இல்லாத வீட்லயும் குறைஞ்சிருக்கு. அங்கே ஏன் குறைஞ்சுது? அதுதான் புரியல."

"யாராவது திருட்டுத்தனமா பானை வாங்கிட்டாங்களா?"

"உங்க பானையைத் திருடுற அளவுக்கு இன்னும் அது பேர் வாங்கல தம்பி" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பச்சைக் கோட்டைத் தெருத்தெருவாகப் பிரித்துப் பார்த்தாள். மற்றத் தெருக்களில் நோய் முன்பு இருந்தபடியேதான் இருந்தது. மேட்டுத்தெருவில் மட்டும் பிள்ளைகளின் வயிறு இரும்பால் செய்ததுபோல் இருந்தது. அட்டைக் குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே தெருவில்தான் இருந்தன. அந்தத் தெருதான் பச்சைக் கோட்டைக் கீழே இழுத்திருந்தது.

"எழுந்திருங்க. போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்" என்றாள்.

மேட்டுத்தெரு என்பது பெயருக்கேற்ற ஏற்றம். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு முதல் வீட்டு வாசலை அடைந்தபோது உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நில்லுங்க! கை கழுவுனீங்களா?"

வாசலில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பழைய காலுறைக்குள் சோப்பு தொங்கியது. அடுத்த வீட்டிலும் ஒரு காலுறை, அதற்கடுத்த வீட்டிலும்.

"நாங்க ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வர்றோம்மா" என்றார் வடிகட்டியார்.

"அப்போ நான் சொல்லணும்னே அவசியமில்ல. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். குழாய் அந்தப் பக்கம்."

வாசற்படியில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கழுவிடுங்க சார். வாதாடிப் பிரயோஜனமில்ல. இது என் சொந்த வீடு, எனக்கே விலக்குக் கிடையாது. தெருவுல இவளுக்குப் பேரே சட்டம்."

"நீங்க சும்மா இருங்க. உங்க கையைக் காட்டுங்க முதல்ல. பசை ஒட்டியிருக்கு பாருங்க" என்றாள் சட்டம்.

பை தைக்கும் ஆலையில் வேலை பார்ப்பவள். வேகமான கைகள், அதைவிட வேகமான வாய். கை கழுவியவர்களை மகிழ்ச்சியோடு உள்ளே அழைத்து உட்காரவைத்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை இரண்டு குவளைகளில் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் ஆணியடித்து, நெகிழி உறைக்குள் அந்த அட்டை மாட்டியிருந்தது. 'நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

"நீங்க நல்லவேளை வந்தீங்க மேடம். ஒரு குறை சொல்லணும்" என்றாள் சட்டம். "கட்டுப்பாட்டுக் குழுன்னு எழுதியிருக்கீங்க. என்ன கட்டுப்பாடுன்னு எழுதவே இல்லையே? வாராவாரம் வர்றவர்கிட்ட கேட்டா, எனக்குக் கேக்க மட்டும்தான் அனுமதி, சொல்ல அனுமதி இல்லைங்கிறார். சரி, படிச்சவங்க மறந்துட்டாங்கபோல, நம்மள நம்பி விட்டிருக்காங்க, நாமளே போட்டுக்குவோம்னு தெருவா உக்காந்து போட்டுக்கிட்டோம்."

"என்ன... போட்டுக்கிட்டீங்க?" என்றாள் சராசரி அக்கா.

"தண்ணி தளதளன்னு கொதிச்சாத்தான் குடிக்கணும். சோப்பு இல்லாம சோத்துல கை வைக்கக்கூடாது. வண்டியில வெட்டிவச்ச பழம் வாங்கக்கூடாது. முதல்ல வண்டிக்காரர் சண்டைக்கு வந்தார். இப்போ அவரே கண்ணாடி மூடி போட்டுட்டார். எதிர்வீட்டுக்காரி மட்டும் ஆரம்பத்துல டிமிக்கி குடுத்தா. அவ மாமியாரையே காவலுக்கு வச்சிட்டோம், அதுக்கப்புறம் சரியாயிட்டா."

"மாமியாரைக் காவலுக்கு வைக்கிறதெல்லாம் அநியாயம்" என்றார் கணவர் வாசலிலிருந்து.

"அந்தப் பக்கத்துத் தெருவுக்குப் பானை குடுத்தீங்க, எங்களுக்குக் குடுக்கல. முதல்ல வருத்தமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நினைச்சோம், அவங்களுக்குப் பானையைக் குடுத்தாங்க, நமக்குப் பொறுப்பைக் குடுத்திருக்காங்கன்னு."

சராசரி அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் கட்டுப்பாட்டுக் குழு என்று சொல்வது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் செய்யாமல் விட்டுவைத்த ஆட்களை. அவர்கள் எப்போதும்போல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டைக்கு முதலில் அவள் எழுதியனுப்பியது 'வழக்கம்போல் இருக்கும் குழு' என்றுதான். துறையிலிருந்து அது திரும்பி வந்தது. அரசு ஏற்றுக்கொண்ட கலைச்சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு கடிதமும் கூட வந்தது. கலைச்சொல் அகராதியில் தவறில்லை. அதைத் தொகுத்தவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தொகுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொல் அகராதியை விட்டு இறங்கி, ஒரு பிள்ளைக்காரியின் சுவரில் ஏறியதும் தன் வீட்டு அர்த்தத்துக்குத் திரும்பிவிட்டது.

வடிகட்டியாருக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்திருக்கணும்மா!" என்று கத்தியேவிட்டார்.

வாசலில் டியூபைத் தேய்க்கும் சத்தம் நின்றது.

"என்னது?" என்றாள் சட்டம்.

மறைத்துவிடலாம் என்று சராசரி அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு, இவ்வளவு நாள் வாராவாரம் வந்தவரிடம் மறைக்காமல் பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறையெல்லாம் சொன்ன பெண்ணிடம் தான் எதை மறைப்பது என்று நினைத்து, சராசரி அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பானை வீடு எது, அட்டை வீடு எது, ஒப்பிடுவது எதற்கு, அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எல்லாவற்றையும்.

சட்டம் முகவாயில் கைவைத்துக் கேட்டாள். கடைசியில், "அப்போ நாங்க சும்மா இருந்திருக்கணும்?" என்றாள்.

"ஆமா."

"சும்மா இருங்கன்னு சொல்றதுக்கா மேடம் இவ்வளவு பெரிய பேரு?"

வாசலில் கணவர் அடக்க முடியாமல் சிரித்தார். வடிகட்டியாரும் சிரித்துவிட்டார். ஆனால் சட்டம் சிரிக்கவில்லை. குவளைகளை எடுத்துக்கொண்டு எழுந்தவள், அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்.

"நாங்க தப்புப் பண்ணிட்டோமா மேடம்? தெருவுல நான்தான் எல்லாரையும் விரட்டுனேன். எல்லாம் தப்புன்னா அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணல."

"அப்படின்னா அப்படியே எழுதுங்க. பேச்சுல சொல்றது வேற. நீங்க எழுதுறதுதான் நிக்கும்."

"எழுதறேன்" என்றாள் சராசரி அக்கா.

திரும்பும்போது பேருந்தில் வடிகட்டியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, திரும்பாமலே கேட்டார்: "அந்தத் தெருவை எடுத்துட்டுக் கணக்குப் போட்டா, அக்கா?"

"பச்சைக் கோடு நல்லா மேல ஏறிடும். உங்க பானை ஜெயிச்சிடும்."

"சும்மா கேட்டேன்."

"தெரியும் தம்பி."

இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த தன் கணவரிடம் சராசரி அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் துடைத்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னை எந்தக் குழுவில போட்டிருக்கே? சும்மா இருக்கிறதுலயா, பொறுப்பு உள்ளதுலயா?" என்றார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன்கிட்ட ஒரு தெருவே தன் பேரை ஒப்படைச்சிருக்கு. பார்த்து நடந்துக்க. வேற என்ன சொல்றது" என்றார்.

திங்கட்கிழமை செயலாளரின் அறையில் மூவரே இருந்தார்கள். செயலாளர் கெட்ட மனிதர் அல்லர். கால் வீக்கத்துக்காக மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவைத்திருந்தார்; பேசும்போது ஒரு காலால் மற்றதைத் தேய்த்துக்கொண்டேயிருந்தார். மேசைமேல் அழைப்பிதழின் மாதிரி ஒன்று கிடந்தது. பானை வழங்கும் திட்டத்தை அமைச்சர் தொடங்கிவைக்கிறார் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

சராசரி அக்கா சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க மேடம்" என்றார் பிறகு. "பானை குடுக்கலாமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

"இந்தச் சோதனையை வச்சுச் சொல்ல முடியாது சார். பானை தேறவும் இல்ல, தோக்கவும் இல்ல. சும்மா இருந்தவங்களோட ஒப்பிட நினைச்சோம். அவங்க சும்மா இருக்கல."

"அப்போ அவங்களை நீக்கிடுங்க. விதி மீறுனவங்களை நீக்குறதுக்கு ஆராய்ச்சியில வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். 'விதிமீறல்'னு குறிச்சு நீக்கலாம்."

"நீக்குனா?"

"பானை ஜெயிக்கும்."

"பிறகென்ன? நாளைக்கே நாலு காப்பகத்துக்குப் பானை போகும். நல்லதுதானே? யாருக்கு நஷ்டம்?"

நல்ல கேள்விதான். நல்லது செய்ய அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. சராசரி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவங்க விதியை மீறல சார். விதி என்னன்னு நாம சொல்லவே இல்ல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னோம். அந்த வார்த்தையை அவங்க காப்பாத்துனாங்க. பானை ஜெயிக்கணும்னு அந்தத் தெருவையே குற்றவாளின்னு எழுத எனக்குக் கை வராது."

செயலாளர் அவளை விட்டுவிட்டு வடிகட்டியாரிடம் திரும்பினார். "இது உங்க பானை. நீங்க சொல்லுங்க. உங்களுக்குச் சம்மதம்தானே?"

வடிகட்டியார் அழைப்பிதழைப் பார்த்தார். அதன் மூலையில் அவருடைய பானையின் படம் இருந்தது. தன் பிள்ளையின் படத்தைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சராசரி அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சரி என்று சொன்னால் அவரைக் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டாள்.

"எனக்கு ஆசைதான் சார். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "ஆனா இந்தப் பானை தானா வேலை செய்யாது. தேச்சுக் கழுவணும், மூடி வைக்கணும், விரிசல் விட்டா மாத்தணும். யார் செய்யப்போறாங்க? அந்தம்மா மாதிரி ஆளுங்கதான். அவங்களை விதி மீறுனவங்கன்னு இங்கே எழுதிட்டு, அங்கே போய், இந்தாங்க, பத்திரமாப் பார்த்துக்கங்கன்னு எந்த முகத்தோட குடுக்கிறது?"

செயலாளர் காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அந்தக் கலைச்சொல்லைப் போடச் சொன்னது யாரு?" என்றார்.

சராசரி அக்கா தயங்கினாள். "உங்க அலுவலகம்தான் சார்."

"கையெழுத்து?"

அவள் கோப்பிலிருந்த அந்தக் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தன் கையெழுத்துப் போட்ட கையை ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லச் சிரித்தார். "யாரையாவது நீக்கணும்னா என்னைத்தான் நீக்கணும்போல" என்றார்.

அழைப்பிதழை எடுத்து இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். "அமைச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன். திட்டுவார். திட்டு வாங்குறதுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பானையை மறுபடி சோதிங்க. இந்தத் தடவை அட்டையில என்ன எழுதணும்னு நாங்க சொல்ல மாட்டோம். அங்கே இருக்கிறவங்களுக்குப் படிச்சுக் காட்டி, அவங்களுக்கு என்ன புரியுதுன்னு கேட்டுட்டு அச்சடிங்க. இன்னொண்ணு, மேட்டுத்தெருவுல நடந்தது வேற இடத்துலயும் நடக்குமான்னு பார்க்கணும். ரெண்டு காப்பகத்துல தாய்மார்களைக் கூட்டி, விதியை அவங்களையே போட்டுக்கச் சொல்லிப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம் சார். ஆனா பலிக்கும்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

"தெரியும், நீங்க எதையும் இப்பவே சொல்ல மாட்டீங்க. சரி, அறிக்கையில அந்தத் தெருவைப் பத்தி என்ன எழுதப்போறீங்க?"

"'சொன்னபடி நடந்தார்கள்'னு எழுதறேன் சார்."

அவர் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் வடிகட்டியார் தூணில் சாய்ந்து நின்றுவிட்டார். சராசரி அக்கா தெருமுனையில் டீ வாங்கிக் கொடுத்தாள். சில வேளைகளில் கடவுள் மனிதர்களுக்கு அவ்வளவுதான் செய்ய விடுகிறார். அதையாவது சூடாகச் செய்ய வேண்டும்.

பாதி டீயில் அவர் குவளையைக் கீழே வைத்தார். "அக்கா, தினமும் தளதளன்னு கொதிக்கவைக்கிறாங்களே, கேஸ் தீர்ந்துபோனா என்ன பண்ணுவாங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். மேட்டுத்தெருவின் கோட்டில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வந்த சின்னச் சின்ன மேடுகள் அப்போதுதான் அவள் கண்முன் வந்தன. தற்செயலான ஏற்ற இறக்கம் என்று அவற்றை அவள் ஒதுக்கிவைத்திருந்தாள்.

அங்கிருந்து நேரே மேட்டுத்தெருவுக்குப் போனார்கள். 'சொன்னபடி நடந்தார்கள்' என்று எழுதப்போவதைக் கேட்டதும் சட்டம் திக்குமுக்காடிப்போய்க் கணவரைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி உரக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு வடிகட்டியார் தன் கேள்வியைக் கேட்டார். சட்டம் குரலைத் தாழ்த்தினாள்.

"கடைசி வாரம் கஷ்டம்தான் சார். லேசா சூடு பண்ணி இறக்கிடுவோம். எல்லா வீட்லயும் அதே கதைதான். அதை மட்டும் எழுதிடாதீங்க."

"எழுதணும்மா" என்றாள் சராசரி அக்கா. "உங்க மேல குத்தமா எழுத மாட்டேன். அந்தக் கடைசி வாரத்துக்குத்தான் இவரோட பானை தேவைப்படுதோ என்னவோ, அதைக் கண்டுபிடிக்கணும்."

"ஒரு வாரத்துக்கு மட்டும் பானையா?" சட்டம் யோசித்தாள். "அந்தப் பக்கத்துத் தெரு வீட்ல பார்த்தேனே, இடுப்பு உயரம் இருக்கு. எங்க அடுப்படியில எங்கே வைக்கிறது? அதை வச்சா நான் வெளியதான் நிக்கணும்."

"அவ வெளிய நின்னா தெருவே நடுங்கும் சார், வேண்டாம்" என்றார் கணவர்.

வடிகட்டியார் காதில் அது விழவில்லை. அடுப்படிக்குள் போய், அலமாரியின் கீழ்த்தட்டுக்கும் நடுத்தட்டுக்கும் இடையில் கையை விரித்து ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"குட்டையா, அகலமா செஞ்சா?" என்றார் உள்ளிருந்து.

"மூடி எடுக்க மேல இடம் வேணும்ல?" என்றாள் சட்டம். அவரை விலக்கிக்கொண்டு தானே அளக்கத் தொடங்கினாள்.